மூலையில் ஒரு பென்சில் புள்ளி

அந்தப் புள்ளியைப் பற்றி நான் கேட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு எத்தனையோ பேர் "கேட்டிருக்கலாமே" என்றார்கள். கேட்டேன். கிடைத்த பதிலை எழுதி, அதற்கு எதிரே ஒரு சரி அடையாளமும் போட்டேன். அந்தக் குறிப்புப் புத்தகம் இப்போதும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. எறிய மனம் வரவில்லை, திறக்கவும் மனம் வரவில்லை.

திருகோணமலையில், துறைமுகப் பக்கம் போகும் வீதியொன்றில், ஒரு தொண்டுச் சங்கம் தாய்சேய் கிளினிக் ஒன்றை நடத்துகிறது. கர்ப்பிணிகளுக்கு ஒரு நாள், பிள்ளைகளின் தடுப்பூசிக்கு ஒரு நாள், குடும்பக் கட்டுப்பாட்டு ஊசிக்குப் புதன்கிழமை. எல்லாம் மஞ்சள் அட்டைகளில் இருந்தது. அட்டைகள் ஒரு மர அலுமாரிக்குள், ரப்பர் வளையம் போட்டுக் கட்டுக் கட்டாய் இருந்தன. அதையெல்லாம் கணினிக்குக் கொண்டுவருகிற வேலை என்னிடம் வந்தது.

நான் மென்பொருள் எழுதுகிறவள். நகரத்தில் ஒரு கடையின் மேல்மாடியில் மூன்று பேர் சேர்ந்து வேலை செய்கிறோம். மற்றவர்கள் எழுதியதில் பிழை பிடிப்பதில் எனக்குப் பெயர் உண்டு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன், கண்டுபிடித்தால் வாயை அடக்க மாட்டேன். வங்கிகளின் செயலிகளைக்கூட வீட்டில் இருந்து திட்டிக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்ட எனக்கு, ஊருக்குள் ஒரு நல்ல காரியத்துக்கு, தரமான ஒன்றைச் செய்துகாட்ட ஒரு சந்தர்ப்பம் வந்தது. தலைகால் தெரியாத சந்தோசம்.

தேவைகளைக் கேட்டறிகிற முதல் கூட்டத்தை முறைப்படிதான் வைத்தேன். ஊசி போடும் தாதி ஒரு கதிரையில், சங்கத்தின் செயலாளர் ஒரு கதிரையில், எதிரே நான். தாதிக்கு ஐம்பது வயது இருக்கும். எல்லோருக்கும் அவர் மிஸ். செயலாளர் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், நல்ல மனிதர், எல்லாக் கூட்டத்துக்கும் நேரத்தோடு வந்து முடியும்வரை இருப்பவர். நான் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது என்ன, இது எதற்கு என்று கேட்டுக்கொண்டே போனேன். சில அட்டைகளின் வலது மூலையில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி இருந்தது.

"மிஸ், இந்தப் புள்ளி என்ன?"

அவர் புள்ளியைப் பார்த்தார். பிறகு செயலாளரைப் பார்த்தார்.

"அது ஒண்டுமில்லைத் தங்கச்சி. பென்சில் பட்டிருக்கும்."

"புள்ளி: பொருளில்லை" என்று எழுதிச் சரி போட்டேன். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வெளியூர்க்காரி ஒருத்தி செய்திருந்தால் போகட்டும் என்று விடலாம். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பார்மசியில் ஆண்கள் நின்றால் அவர்கள் போகும்வரை வேறு எதையோ பார்ப்பதுபோல் காத்துநின்று, பிறகு குரலைத் தாழ்த்தி நாப்கின் கேட்டு, பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டு போகிறவள். ஒரு ஆணை அருகில் இருத்திவைத்துக்கொண்டு ஒரு பெண்ணிடம் இப்படிப்பட்ட கேள்வி கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாதா? திரைச்சீலைக்குப் பின்னால், அவருடைய ஊசி அறையில், நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்று கேட்டிருந்தால் ஒரு மூச்சில் சொல்லியிருப்பார். ஆனால் நான் கேட்டது எழுதிக்கொள்வதற்காக. எழுதியாயிற்று, அடுத்த அட்டைக்குப் போனேன்.

ஞாபகமூட்டும் குறுஞ்செய்தி என்ற யோசனை வேறொரு கூட்டத்தில் வந்தது. அதற்குத் தாதியை யாரும் கூப்பிடவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை. ஊசிக்கு வருகிறவர்கள் நாள் தவறுகிறார்கள், அதற்கு முந்தைய நாள் காலையில் போனுக்கு ஒரு செய்தி போனால் நல்லது என்றார் செயலாளர். நான் துள்ளிக்கொண்டு ஒத்துக்கொண்டேன். வாசகத்தை நானே எழுதினேன். வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, "உங்களது மூன்று மாதக் குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி நாளை போடப்படும், மறவாமல் வாருங்கள்" என்று முடியும். பெயர் வேண்டாமே என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். பெயர் போட்டால்தான் அக்கறை தெரியும் என்று அடம்பிடித்தேன்.

சோதனைகளும் எழுதினேன். நீளமான பெயர் வந்தால் வெட்டுப்படுகிறதா, தமிழ் எழுத்து உடைகிறதா, ஒரே ஆளுக்கு இரண்டு தரம் போகிறதா, நடுவில் இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்று ஒன்றையும் விடவில்லை. எல்லாச் சோதனையும் தேறியது. என் சோதனைத் தரவில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு போன் இருந்தது. அப்படி நான் முடிவெடுக்கவில்லை. அதைப் பற்றி எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை என்பதுதான் உண்மை.

விளக்கேற்றி, கேக் வெட்டித் தொடங்கிவைத்தார்கள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் தொகுதிச் செய்திகள் போயின. எட்டரைக்குத் தாதி எனக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, கொம்பியூட்டரில இருந்து ஆருக்கும் மெசேஜ் ஏதும் போகுதா? ஒரு பிள்ளையின்ர அம்மா எடுத்துக் கேக்கிறா."

"ஓம் மிஸ். இண்டைக்குத்தான் முதல் நாள். பதினொரு பேருக்குப் போட்டுது." என் குரலில் பெருமை இருந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"ஆற்ற போனுக்கு?"

"அட்டையில இருக்கிற நம்பருக்குத்தான்."

"புள்ளி போட்ட ஆக்களுக்குமா?" என்று கேட்டார்.

அப்போதுதான் சொன்னார். புள்ளி என்றால், இந்தப் பெண் ஊசி போடுவது வீட்டுக்குத் தெரியாது. அவர்களிடம் அட்டை கொடுத்தனுப்புவதில்லை, திகதி எழுதிக் கொடுப்பதில்லை. "மூண்டாவது போயா கழிஞ்சு வாற புதன்" என்று வாயால் சொல்லிவிடுவார். போயா என்றால் பௌர்ணமி விடுமுறை, கலண்டரில் அது எல்லா வீட்டிலும் சிவப்பாக இருக்கிறது, யாரும் எதையும் குறித்துவைக்க வேண்டியதில்லை. ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் எத்தனையோ வருடம் பிழையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது அந்த முறை. நான் அதைத் திருத்தப் போனேன்.

கிளினிக்குக்கு ஓடினேன். அலுமாரியைத் திறந்து அன்றைய பதினொரு அட்டைகளையும் எடுத்து மேசையில் பரப்பினோம். மூன்றில் புள்ளி. ஒன்றில் இருந்தது தாயின் நம்பர், காலையில் எடுத்துக் கேட்டது அவர்தான். இன்னொன்று தமக்கையின் நம்பர். மூன்றாவது அட்டையைத் தாதி கையில் எடுத்ததும் கதிரையில் இருந்துவிட்டார்.

"இது புருசன்ர நம்பர். அந்த வீட்டில ஒரு போன்தான். பதியேக்க கேட்டம் எண்டு தந்தவள், நாங்கள் ஒரு நாளும் அதுக்கு எடுத்ததில்லை."

கட்டைபறிச்சான் பக்கத்துப் பெண். மூன்று பிள்ளைகள், மூன்றும் ஒப்பரேசன். இன்னொரு பிள்ளை தங்கினால் கர்ப்பப்பை தாங்காது, உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் சொல்லிவிட்டார். மூன்றும் பெண்பிள்ளைகள் என்பதால் கணவரும் மாமியாரும் கேட்கவில்லை. கருத்தடை ஒப்பரேசனுக்குக் கணவர் கையெழுத்து வைக்கவில்லை. மகளுடைய பல்லைக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, யாருக்கும் தன்னைத் தெரியாத ஊரைப் பார்த்து, குடாவைச் சுற்றி இவ்வளவு தூரம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து ஊசி போட்டுக்கொண்டு போகிறாள். இரண்டு வருடமாக அந்த ஊசிதான் அவளை உயிரோடு வைத்திருக்கிறது.

கணினியில் பார்த்தேன். பத்துச் செய்திக்குப் பக்கத்தில் பச்சையில் "சென்றடைந்தது" என்றிருந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் மட்டும் மஞ்சளில் "காத்திருக்கிறது". அவளுடையது. அவளுடைய கணவர் மீன்பிடிக்கப் போய்க் கடலில் நின்றார். கரைக்குக் கிட்ட வந்தால்தான் சிக்னல். எனக்கு மூச்சு வந்தது.

செய்திகளை அனுப்பித்தரும் கொழும்புக் கம்பெனிக்கு எடுத்தேன். மறுமுனையில் பேசிய இளைஞர் மிகவும் மரியாதையானவர். போன செய்தியைத் திருப்பி எடுக்க முடியாது, அது போன் வலையமைப்பின் கைக்குப் போய்விட்டது என்றார். நான் கெஞ்சினேன். கத்தினேன். மறுபடி கெஞ்சினேன். அவர் முறைப்பாட்டு இலக்கம் ஒன்று தந்துவிட்டு, கவலைப்பட வேண்டாம், இரண்டு நாள்வரை முயன்று எப்படியும் சேர்த்துவிடுவோம் என்று ஆறுதல் சொன்னார். இப்படி ஒரு பதில் வரும்படி ஒரு மென்பொருளை நானும்தான் எழுதியிருப்பேன். போனை வைத்துவிட்டு மேசையில் தலையை முட்டிக்கொண்டேன்.

"அழுது என்ன செய்யிறது. அவர் கரைக்கு வர முதல் அவளுக்குச் சொல்லுவம். எழும்புங்கோ" என்றார் தாதி.

வெள்ளை உடுப்பை மாற்றிச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். ஒரு ஓட்டோ பிடித்தோம். கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டிப் போகும் அந்த வழி முழுக்க நான் போனில் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள். திருப்பிப் பார்த்தால் மஞ்சள். வீதியில் மாடு நின்றால் மாட்டைத் திட்டினேன், சாரதி ஹோர்ன் அடிக்காவிட்டால் அவரைத் திட்டினேன். தாதி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கருவாடு வாங்க வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு அந்த வளவுக்குள் போனோம். மாமியார் பாயில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார். குசினியில் இருந்து அவள் வந்தாள். தாதியைக் கண்டதும் முகம் வெளிறியது. ஆனாலும் சட்டென்று, "அங்கால நல்ல கருவாடு கிடக்கு, வாங்கோ காட்டுறன்" என்று எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள்.

நான் சொன்னேன். என்னுடைய பிழை என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"என்ர பேரும் போட்டிருக்கா?"

"ஓம்."

"என்ன ஊசியெண்டும்?"

"ஓம்."

அவள் கையில் ஒரு கருவாட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவர் அடிக்கிற ஆளில்லை. நல்ல மனுசன்தான். ஆனா இனி விடமாட்டார்" என்றாள். பிறகு, "பன்னிரண்டுக்குள்ள வந்திருவார். போனைப் பொலித்தீன் பையில சுத்தி, மீன் இறக்குறவரைக்கும் வள்ளத்துக்குள்ளதான் வச்சிருப்பார். நான் கரைக்குப் போய் நிக்கிறன். மீனோட சேர்த்து வாங்கிருவன், வாங்கி அழிச்சிருவன்" என்றாள்.

அது நடக்கக்கூடிய காரியம்தான். மூன்று பேரும் அதை நம்பினோம். என் நம்பரை ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கப் போனேன், எது நடந்தாலும் யாருடைய போனிலிருந்தாவது எடுக்கச் சொல்லி. அவள் கடதாசியை வாங்கவில்லை. "சொல்லுங்கோ" என்றாள். சொன்னேன். இரண்டு தரம் திருப்பிச் சொன்னாள். "கணக்கில நான் கெட்டிக்காரி. பத்தாம் வகுப்பு மட்டும் படிச்சனான்" என்றாள்.

கரையில் வள்ளம் இழுக்கும் இடத்தில் ஏழெட்டுப் பெண்கள் சட்டி பேசின்களோடு நின்றார்கள். அவளும் நின்றாள், பக்கத்தில் மாமியாரும். நாங்கள் கொஞ்சம் தள்ளி ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கில் உட்கார்ந்திருந்தோம், மடியில் ஒரு பார்சல் கருவாட்டோடு. நான் போனைப் பார்த்தபடி இருந்தேன்.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முதல் அந்த வரி பச்சையானது. சென்றடைந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். கடலில் ஒரு வள்ளமும் கண்ணுக்குத் தெரியவில்லை. சிக்னல் எட்டும் தூரத்துக்கு அவர் வந்துவிட்டார், கண் எட்டும் தூரத்துக்கு வரவில்லை. பையைப் பிரித்து வாசிக்க அவருக்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது. அவள் பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றாள். இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டு நின்றாள். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று அந்தக் கரையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழுந்தேன். தாதி என் கையைப் பிடித்து இருத்தினார்.

"மாமி நிக்கிறா. இப்ப போனா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

அந்தப் பச்சை நிறத்தைத் தெரிந்தெடுத்தது நான். மனசுக்கு இதமாக இருக்கவேண்டும் என்று நாலைந்து பச்சைகளைப் பார்த்து அதில் ஒன்றை எடுத்தேன். இப்போதும் எங்கேயாவது அதைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

வள்ளம் வந்தது. அவர் கடைசியாக இறங்கினார், போன் கையில் இருந்தது. சத்தம் போடவில்லை. அவளுக்கு முன்னால் வந்து நின்று, போனை நீட்டிக் காட்டினார். அவள் வாசித்தாள். அவர் போனைச் சேட் பைக்குள் வைத்துவிட்டு, மற்ற நாட்களைப்போல மீனை அவளுடைய பேசினுக்குள் போட்டார். முன்னால் அவர் நடக்க, மாமியார் நடக்க, அவள் பின்னால் போனாள். எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. எங்களைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்றுதான் திரும்பவில்லை என்று தாதி பிறகு சொன்னார். அடுத்த நாள் புதன்கிழமை ஊசிக்கு அவள் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததையெல்லாம் சொன்னால் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குவது போலிருக்கும். செய்தி அனுப்புவதை நிறுத்தினேன். சங்கத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருத்திக்காக எல்லோருக்கும் நிறுத்துவதா என்றார்கள். அந்த ஒருத்தி சாகக்கூடும் என்று சொன்னேன், பெயரையும் காரணத்தையும் சொல்லாமல். என் குரல் கூடிவிட்டது. செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். மூன்று கிழமை திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டு, தாதி சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். முதலில் செய்திருக்கவேண்டிய வேலை அது. செய்திகள் மறுபடி போகின்றன, ஆனால் இப்போது கணினித் திரையின் வலது மூலையில் ஒரு சின்னப் புள்ளி போடலாம். அதற்குத் தலைப்பு இல்லை, விளக்கம் இல்லை, எந்த அறிக்கையிலும் வராது. புள்ளி இருக்கும் ஆளுக்கு ஒன்றும் போகாது. நான் எழுதியதில் உருப்படியானது அது ஒன்றுதான். அதை வேறொரு பெண்ணின் பென்சிலில் இருந்து எடுத்தேன்.

அவளிடமிருந்து எனக்குப் போன் வரவில்லை. தெரியாத நம்பர் வந்தால் நான் பாய்ந்து எடுப்பேன். கடன் அட்டை வேண்டுமா என்று கேட்பார்கள்.

அடுத்த வருடம் ஒரு திங்கட்கிழமை, கர்ப்பிணிகளின் கிளினிக். பிரிண்டர் திருத்தப் போயிருந்தேன். பதிவு மேசைக்கு எதிரே அவள் மாமியாருடன் இருந்தாள். மூன்று ஒப்பரேசன் கண்டவள், பெரியாஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கட்டும் என்று இங்கே அனுப்பியிருந்தார்கள். நாலு மாதம் என்று எழுதினார்கள். என்னைப் பார்த்தாள், யாரையோ பார்ப்பது போல. நான் அப்படியே நின்றேன், கையெல்லாம் மை. பதிவு செய்யும் பெண், விரும்பிய கர்ப்பமா என்ற கேள்விக்கு, மாமியார் பக்கத்தில் இருக்கிறாரே என்று கேட்காமலே "ஆம்" போட்டாள். அந்தக் கேள்வியை அந்த இடத்தில் வைத்ததும் நான்தான்.

"போன் நம்பர்?"

அவள் சொன்னாள். நிறுத்தி, தெளிவாக, ஒரு இலக்கமும் பிசகாமல். என்னுடைய நம்பர்.

"ஆற்ற நம்பர் அது?" என்றார் மாமியார்.

"தெரிஞ்ச அக்கா ஒராளின்ர, மாமி. இவர் கடலில நிண்டா எடுக்க மாட்டார்தானே."

என் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. வணக்கம், அவளுடைய பெயர், நீங்கள் பதிவு செய்யப்பட்டுள்ளீர்கள்.

அவளுக்கு ஞாபகமூட்டல் தேவையில்லை. மாமியார் நாள் தவறாமல் கூட்டிவருகிறார். கணவரும் இரண்டு தரம் வெளியே ஓட்டோவில் காத்திருந்தார், கையில் இளநீரோடு. திகதியை அறிய அவளுக்கு ஒரு நம்பர் தேவைப்படவில்லை. அது எனக்குத்தான் வருகிறது. ஒவ்வொரு மாதமும், கிளினிக்குக்கு முந்தைய நாள் காலை ஏழு மணிக்கு, நான் எழுதிய அதே தமிழில், அவளுடைய பெயரோடு. நிறுத்த எனக்குத் தெரியும். ஒரு புள்ளி போட்டால் போதும். போடவில்லை.

கடைசிச் செய்தி இன்று காலை வந்தது. நாளை பெரியாஸ்பத்திரியில் அனுமதி, ஒப்பரேசன், வெறும் வயிற்றோடு வாருங்கள், மறவாமல் வாருங்கள். தாதி இரத்தம் கொடுக்க ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார். என் இரத்தமும் அவளுடைய வகைதானாம், காலையிலேயே போய்க் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் இருக்கிறேன். அவளுடைய வரி திறந்து கிடக்கிறது. பக்கத்தில் பச்சையில், சென்றடைந்தது.